விலகும் மகளைப் பழிக்காதீர்!

விமானப் பணியைத் துறக்க முடிவெடுக்கும் மகளை "உடம்பு வளையாதவள்" என்று தூற்றும் புலம்பெயர் தமிழ்ப் பெற்றோர் இன்றும் உளர். அவள் சேர்ந்தபோது "தேநீர் பரிமாறவா படித்தாய்?" என்று இகழ்ந்ததும் இதே வாய்கள்தான்!

வட அமெரிக்காவில் இப்பணிக்கான ஊதியம் பெரும்பாலும் விமானம் நகரத் தொடங்கிய பின்னரே கணக்கிடப்பட்டு வந்தது. பயணிகளை ஏற்றி அமர்த்துவதும் பாதுகாப்புச் சோதனைகளும் கூலியற்ற உழைப்பாயின. இவ்வநீதியை எதிர்த்தே 2025 ஆகஸ்ட் 16 அன்று எயர் கனடாவின் 10,000க்கும் மேற்பட்ட விமானப் பணியாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். பணிக்குத் திரும்புமாறு விடுக்கப்பட்ட ஆணைக்கும் அவர்கள் பணியவில்லை. ஆகஸ்ட் 19 அன்று, தரைப்பணிக்கும் ஒரு பகுதி ஊதியம் வழங்கும் முதற்கட்ட உடன்பாடு எட்டப்பட்டது.

இது சோம்பேறிகளின் வரலாறா? நின்று போராடுவது ஒரு வழி. உறக்கமும் உடல்நலமும் குலையுமுன் கணக்கிட்டு விலகுவது மற்றொரு வழி. இரண்டும் தன்மானத்தின் வழிகளே.

பெற்றோரே! "ஏன் விட்டாய்?" என்று வினவுமுன், "எத்தனை மணி உழைத்தாய், எத்தனை மணிக்குக் கூலி பெற்றாய்?" என்று வினவுங்கள். இளையோரே! அடுத்த பணியையும் கைச்சேமிப்பையும் உறுதிசெய்து விலகுங்கள். ஊர்வாய்க்கு அஞ்சித் தங்காதீர்!