கரண்ட் இல்லாத இரவு

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது, தம்பிலுவிலில் எங்கள் வீட்டிலும் கரண்ட் போனது. போனில் மிஞ்சிய சார்ஜை அவசரத்துக்கென்று எடுத்து வைத்துவிட்டோம். பிள்ளைகளுக்கு முதல் ஒரு மணித்தியாலம் இருப்புக் கொள்ளவில்லை. ஜாம் போத்தல் மூடியில் ஓட்டை குத்தி, திரி போட்டு, அம்மா குப்பி விளக்கு ஏற்றினா. பாயில் தாயம் உருண்டது, நொடி போட்டார்கள். காற்று ஒருதரம் ஓங்கி அடித்து ஓய்ந்ததும், அவ 1978 நவம்பர் 23 இரவைச் சொல்லத் தொடங்கினா. கூரை பறந்தது, கைக்குழந்தையான என்னோடு கட்டிலுக்குக் கீழே கிடந்தது, ஆட்டுக்குட்டி கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது, விடிந்து பார்த்தால் தலையில்லாத தென்னைகள். மட்டக்களப்பையும் இந்தக் கரையையும் சிதைத்த அந்தச் சூறாவளியில் 900 பேருக்கு மேல் இறந்தார்கள். அதைக் கண்ணால் கண்டவர்கள் வருடத்துக்கு வருடம் குறைகிறார்கள். மாரி தொடங்க முன்னமே மண்ணெண்ணெயும் டோர்ச் பற்றரியும் வாங்கி வைக்கிற நாங்கள், அவர்களுக்குப் பக்கத்தில் பாயை விரித்து உட்காரவும் வேண்டும்.

"பெத்தா, அந்த ஆட்டுக்குட்டிக்கு என்ன நடந்தது?" என்று மகள் கேட்டாள். ஊசியால் திரியைத் தூண்டிவிட்டு, அம்மா திரும்பவும் முதலிலிருந்து தொடங்கினா.