ட்ரோனுக்கு முதல் ஒரு ரெக்கோடர் வாங்குவோம்



கல்யாணத்துக்கும் கிரிக்கெட் இறுதிப் போட்டிக்கும் ட்ரோன் பறக்கிற காலம் இது. பார்க்க அழகுதான். ஆனால் கவி படிக்கத் தெரிந்த மூத்தம்மாமார் நம்ம கிழக்கு ஊர்களில் இன்னும் எத்தனை பேர் இருக்கிறார்கள்? வெட்டும் மெஷின் வந்த பிறகு களவெட்டியில் சூடடிப்பு இல்லை. நெல்லைப் 'பொலி' என்று சொன்ன அந்தக் களத்துப் பேச்சும் நம் பிள்ளைகளுக்குத் தெரியாது. பழைய கெசட்டுகள் பலவற்றை 2004 சுனாமி கொண்டுபோய்விட்டது. மிச்சம் இருப்பது பெரியவர்களின் குரல் மட்டும்தான்.

"போன் இருக்கே, அது போதாதா?" என்று கேட்பீர்கள். ஒன்றுமே இல்லாததற்குப் போன் மேல்தான். ஆனால் பதிவின் நடுவில் கோல் வரும். வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக அனுப்பினால் ஒலி சுருங்கித்தான் போகும். போனை மாற்றும்போது பதிவும் தொலையும். அதனால் ஊர் நூலகத்துக்கோ கழகத்துக்கோ சொந்தமாக ஒரு ரெக்கோடர் வேண்டும் என்பதே என் கருத்து.

விலையைப் பார்க்க முதல் இவற்றைப் பாருங்கள்:

1. வேவ் வடிவில் பதிய வேண்டும். எம்பி3 இடத்தை மிச்சப்படுத்தும், ஆனால் ஒலியில் ஒரு பகுதியை வெட்டிவிடும். 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோ பதிவுக்கு மணிக்குச் சுமார் 635 எம்பி போகும். 32 ஜிபி கார்ட் ஒன்றில் ஏறத்தாழ 50 மணித்தியாலம் பதியலாம்.

2. கடையில் கிடைக்கும் பற்றரியில் ஓட வேண்டும். டாஸ்காம் டிஆர்-05எக்ஸ், சூம் எச்1என் போன்றவை சாதாரண இரண்டு பற்றரியில் ஓடுபவை. கரண்ட் போனாலும் வேலை நிற்காது.

3. மைக் செருக ஒரு துளை இருக்க வேண்டும். மைக்குக்குக் காற்றுத் தடுப்பு உறையும் தேவை. கடற்கரை ஊரில் அது இல்லாவிட்டால் காற்றுச் சத்தம்தான் பதியும்.

எவ்வளவு நல்ல கருவியானாலும் பதியும்போது ஃபேனை நிறுத்துங்கள்.

இன்னொன்று, அனுமதி. தன் குரலை அந்நியர் கேட்பதை விரும்பாத உம்மாமார் இருப்பார்கள். பேத்தியே பதியட்டும், யார் கேட்கலாம் என்பதை அவர்களே சொல்லட்டும். ஃபேஸ்புக்கில் போடுவதற்காக மட்டும் பதிய வேண்டாம். பெயர், ஊர், திகதி எழுதி இரண்டு மூன்று இடங்களில் பிரதி வைத்தாலே போதும்.

கட்டாரிலும் சவூதியிலும் இருக்கும் தம்பிமாரே, அடுத்த லீவுக்கு வரும்போது ஊருக்கு ஒன்று கொண்டு வாருங்கள். அதுவரை போனிலாவது தொடங்குவோம். நம் மூத்தவர்களின் வயது நமக்காகக் காத்திருக்காது.