வகைக்கு ஓர் எண்

சி மொழியில் 32 பிட் முழு எண் வேண்டும் என்பதற்காக மட்டும் மேக்ரோ எழுதும் காலம் சி99 தரத்தோடு முடிந்தது. ஸ்டான்டர்ட் இன்ட் ஹெடரே அதைத் தந்துவிடுகிறது. அதே நிரலை ஒரு கருவிக்கு ஃப்ளோட்டிலும் இன்னொன்றுக்கு டபுளிலும் கம்பைல் செய்வது வேறு. அந்தத் தேர்வு இன்றும் மேக்ரோவின் கையில்தான்.

மேக்ரோக்களை விரிக்கும் பிரீபிராசஸருக்கோ வகை என்றால் என்னவென்றே தெரியாது. '#இஃப்' வரியில் சைஸ்ஆஃப் எழுதினால் பிழை வரும்; அது பரவாயில்லை, உடனே தெரிந்துவிடுகிறது. பிழை வராத வரிதான் ஆபத்து. ரியல் என்ற மேக்ரோவுக்கு ஃப்ளோட் என்று பொருள் கொடுத்துவிட்டு, '#இஃப் ரியல் == டபுள்' என்று கேட்டால், 'ஆம்' என்றே விடை வரும். மேக்ரோக்கள் விரிந்த பின் எஞ்சும் எந்தப் பெயரையும், ஃப்ளோட், டபுள் போன்ற குறிச்சொற்களையும்கூட, '#இஃப்' 0 என்றே கொள்ளும். இருபுறமும் பூஜ்யம். டபுளுக்கான கிளை ஃப்ளோட்டோடு கம்பைல் ஆகிறது.

2015-இல் வந்த லூவா மொழியின் 5.3 பதிப்பு இதற்குச் செய்திருக்கும் ஏற்பாடு பின்பற்றத் தக்கது. அதன் அமைப்பு ஹெடரில் ஃப்ளோட்டுக்கு 1, டபுளுக்கு 2, லாங் டபுளுக்கு 3 என்று எண் கொடுத்திருக்கிறார்கள். ஒப்பீடு எண்ணுக்கும் எண்ணுக்கும் இடையில் நடப்பதால் ஏமாற வழியில்லை. அதே கிளையில் அச்சிடும் வடிவமும் மாறுகிறது: ஃப்ளோட்டுக்கு 7 இலக்கம், டபுளுக்கு 14. சரத்தை எண்ணாக்கும் ஃபங்ஷனும் கூடவே மாறுகிறது. வகையை மட்டும் மாற்றிவிட்டு ஸ்கேன்எஃப் வடிவத்தை மறந்துவிடுவது எளிது.

தேர்ந்த வகைக்கு டைப்டெஃப் மூலம் பெயர் சூட்டுவதே முறை. லூவாவும் அப்படித்தான் செய்கிறது. மேக்ரோவையே பெயராக்கினால் என்ன ஆகும்? கேர் சுட்டியை மேக்ரோவாக வைத்து ஒரே வரியில் இரண்டு மாறிகளை அறிவித்தால், முதலாவது மட்டுமே சுட்டியாகும். இரண்டாவது வெறும் கேர்.

இன்னொரு சிக்கல் லிங்க் செய்யும்போது வருகிறது. நூலகம் டபுளிலும் அதை அழைக்கும் நிரல் ஃப்ளோட்டிலும் கம்பைல் ஆகியிருந்தாலும் லிங்கர் தடுக்காது. சி மொழியில் அது பார்ப்பது பெயரை மட்டுமே. லூவா இதற்கும் ஒரு காவல் வைத்திருக்கிறது. முழு எண் வகையின் பைட் அளவை 16-ஆல் பெருக்கி, தசம எண் வகையின் அளவைக் கூட்டுகிறது. வழக்கமான அமைப்பில் 136. இரு வகைகளையும் 32 பிட்டாக அமைத்தால் 68. நூலகம் ஏறும்போது இரு தரப்பு எண்ணும் ஒத்துப்போகாவிட்டால், வேலை தொடங்கும் முன்பே பிழை சொல்லி நின்றுவிடும்.