திருமதி பெனட்டைப் பார்த்துச் சிரிப்பவர்களுக்கு

ஜேன் ஒஸ்டினின் 'பிரைட் அன்ட் பிரெஜுடிஸ்' 1813 ஜனவரியில் வெளிவந்தது. இருநூறு வருடங்கள் கடந்தும் காதல் நாவல் என்றதும் பலருக்கு முதலில் ஞாபகம் வருவது இதுதான். புத்தகம் வாசிக்காதவர்கள்கூட 2005ல் வந்த படத்தைப் பார்த்துவிட்டு டார்சியைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுவார்கள். பேசட்டும். நாங்கள் இங்கே பேச நினைப்பது அந்த வீட்டின் உம்மாவைப் பற்றி.

திருமதி பெனட் சத்தக்காரி. "என் நரம்பு தாங்காது" என்று எப்போதும் புலம்புகிறவர். பக்கத்துப் பங்களாவுக்குக் கலியாணம் முடிக்காத ஒரு பணக்காரப் பையன் குடிவந்தால், அடுத்த நிமிடமே அவனைத் தன் மகளுக்கு மாப்பிள்ளையாக்கிவிடுவார். வகுப்பில் இந்தக் கதையைச் சொன்னால் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். ஒஸ்டினும் சிரிப்பதற்காகத்தான் அவரை அப்படி எழுதியிருக்கிறார்.

ஆனால் ஒருதரம் கணக்கைப் பாருங்கள். பெனட் குடும்பத்தின் காணியில் வருடத்துக்கு 2000 பவுண் வருமானம். நல்ல வசதிதான். ஆனால் அந்தச் சொத்து ஆண் வாரிசுக்கு மட்டும் என்று கட்டப்பட்டது. வாப்பா மௌத்தானால் வீடும் காணியும் தூரத்து உறவினரான கொலின்ஸுக்குப் போய்விடும். பிள்ளைகளுக்கு மிஞ்சுவது உம்மாவின் காலத்துக்குப் பிறகு ஆளுக்கு 1000 பவுண். கொலின்ஸ் எலிசபெத்தைப் பெண் கேட்கும்போதே அது நாலு சதவீத வட்டிக்குக் கிடக்கும் பணம் என்று சொல்லிக் காட்டுகிறான். வருடத்துக்கு 40 பவுண். 2000 பவுண் வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு 40 பவுண். அந்தக் காலத்து மரியாதையான வீட்டுப் பெண்ணுக்கு, யாராவது ஒருவர் வீட்டில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பதைத் தவிர வேறு தொழிலும் கிடையாது.

வீட்டில் ஐந்து குமர். குடியிருக்கும் வீடு அவர்களுடையது இல்லை. இதை நினைத்து ஓர் உம்மாவுக்கு நரம்பு நடுங்கினால் அதில் சிரிக்க என்ன இருக்கிறது?

வாப்பா என்ன செய்தார்? புத்தக அறைக்குள் இருந்துகொண்டு பகிடி விட்டார். வாசகர்களுக்குப் பிடித்த பாத்திரம் அவர். கெட்டிக்காரர், நாக்கில் நல்ல நக்கல். ஆனால் கலியாணம் முடித்த புதிதில், ஆண் பிள்ளை ஒன்று பிறக்கும், அவன் வயதுக்கு வந்ததும் சொத்தின் கட்டை அவிழ்த்துக்கொள்ளலாம் என்று நம்பி, ஒரு சதமும் சேமிக்காமல் விட்டவரும் அவர்தான். பிறந்தது ஐந்தும் பெண். அதற்குப் பிறகு சேமிக்கக் காலம் போய்விட்டது என்று விட்டுவிட்டார். கடைசி மகள் லிடியா விக்கமுடன் ஓடிப்போன பிறகுதான் நாவல் இதை வெளிப்படையாகச் சொல்கிறது. அந்த மானத்தையும் கடைசியில் டார்சி இரகசியமாகக் காசு கொடுத்து வாங்கவேண்டி வந்தது.

திருமதி பெனட்டும் சிக்கனக்காரி இல்லை. மழை வரும் என்று தெரிந்தே மூத்தவளைக் குதிரையில் அனுப்பிக் காய்ச்சலில் படுக்கவைத்தவர். லிடியாவைச் செல்லம் கொடுத்துக் கெடுத்ததிலும் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. அவர் போன வழி பிழை. ஆனால் அவருடைய பயம் சரியானது. அந்த வீட்டில் நாளைக்கு என்ன நடக்கும் என்று வாய்விட்டுச் சொன்ன ஒரே ஆள் அவர்தான்.

இடைக்கு ஒன்று. எங்கள் பங்குச் சட்டப்படி பார்த்தால் மனைவிக்கு எட்டில் ஒன்று, மகள்மாருக்கு மூன்றில் இரண்டு. கொலின்ஸ் தந்தைவழி ஆண் உறவினன் என்றும், அவனைவிட நெருங்கியவர் இல்லை என்றும் வைத்தால் அவனுக்கும் 24ல் 5 பங்கு போகும். ஆள் தப்பவில்லை! ஆனால் வீட்டைவிட்டு யாரும் இறங்கவேண்டி வராது.

இதைச் சொல்லிவிட்டு நெஞ்சை நிமிர்த்திக்கொள்ளவும் முடியவில்லை. எங்கள் கிழக்குப் பக்கத்தில் கதை வேறு விதம். அங்கே வீடு பெண்ணுக்குக் கிடையாது. இங்கே வீடு இல்லாத பெண்ணுக்கு மாப்பிள்ளை கிடையாது. தங்கச்சிமாரின் வீட்டுக்குக் கல்லறுத்துக் கூரை போட்டுவிட்டுத்தான் தன் கலியாணம் என்று கட்டாரில் வயதைத் தொலைத்த காக்காமாரை நமக்குத் தெரியும். மகள் எட்டாம் வகுப்பில் படிக்கும்போதே சீட்டுப் பிடித்துச் சீமெந்து வாங்கும் உம்மாமாரையும் தெரியும். அவர்கள் சத்தம் போட்டால் அவர்களையும் பைத்தியம் என்றுதான் சொல்கிறோம்.

சார்லொட் லூகஸையும் பேசாமல் விட முடியாது. எலிசபெத் வேண்டாம் என்ற கொலின்ஸை, மூன்று நாளைக்குள் சரி என்றவள். வயது 27. எலிசபெத் அதிர்ந்துபோகிறாள். இந்தக் காலத்து வாசகர்களும் காதலில்லாமல் இப்படி ஒருத்தி தன்னை விற்கலாமா என்று கேட்கிறார்கள். டார்சி வருவான் என்பது எலிசபெத்துக்கே அப்போது தெரியாது. வருடத்துக்கு 10,000 பவுண்காரன் வந்து காப்பாற்றியபடியால்தான் அவளுடைய மறுப்பு வீரமாகத் தெரிகிறது. அவன் வராமல் போயிருந்தால்?

ஒஸ்டினுக்கு இது தெரியாத விஷயம் இல்லை. 1802 டிசம்பரில் ஹரிஸ் பிக்-விதர் என்ற வசதியான வீட்டுப் பையன் அவரைப் பெண் கேட்டான். இரவு சரி என்றவர், விடிந்ததும் மாட்டேன் என்றார். 27 வயதாவதற்கு அப்போது இரண்டு கிழமைதான் மிச்சம். 1805ல் வாப்பா மௌத்தானார். உம்மாவும் இரண்டு பெண்களும் ஆண் சகோதரர்களின் கையை எதிர்பார்த்து வாழவேண்டி வந்தது. 1809ல் சகோதரர் எட்வர்ட் சோட்டனில் இருந்த வீடொன்றைக் கொடுத்த பிறகுதான் ஓரிடத்தில் நிலையாக இருந்தார்கள். இருபது வயதில் எழுதத் தொடங்கிய இந்தக் கதையை அந்த வீட்டில் இருந்துதான் திருத்தி முடித்தார். உரிமையை 110 பவுணுக்கு விற்றார். அட்டையில் பெயரும் போடவில்லை.

அதனால்தானோ என்னவோ, சார்லொட்டை அவர் தண்டிக்கவில்லை. கலியாணத்துக்குப் பிறகு அவள் வீட்டின் பின்பக்கத்து அறையைத் தன் இருப்பிடமாக எடுத்துக்கொள்கிறாள். முன்னறை இதைவிட நல்லது. ஆனால் அங்கே இருந்தால் புருஷன் அடிக்கடி வந்துவிடுவான். தோட்ட வேலை உடம்புக்கு நல்லது என்று அவனை வெளியே அனுப்பியும் விடுகிறாள்.

உங்கள் வீட்டில் இந்தப் புத்தகத்தை வாசித்த பெண் பிள்ளை இருந்தால், டார்சியை விட்டுவிட்டு சார்லொட்டைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். என்ன சொன்னாள் என்று கீழே எழுதுங்கள்.