காமிரா ஏன் ஆலை வாசலோடு நின்றது?

1895-ம் வருஷம். பிரான்ஸ் தேசத்தின் லியோன் நகரில், போட்டோ தகடு செய்யும் லூமியேர் ஆலையின் வாசற்கதவு திறக்கிறது. பெண்களும் ஆண்களும் கும்பலாக வெளியே வருகிறார்கள். ஒரு நிமிஷத்திற்குள் படம் முடிந்துவிடுகிறது. உலக சினிமாவின் முதற்படங்களில் ஒன்று இது. காமிரா யாருடையது? முதலாளியுடையது. வாசலும் அவருடையதே. நடந்து வருகிறவர்கள்தான் தொழிலாளர்கள்.

நூறு வருஷம் கழித்து, 1995-ல், ஹாருன் ஃபரோக்கி என்ற ஜெர்மன் டைரக்டர் இப்படத்தைக் கையில் எடுத்தார். தொழிலாளர் ஆலையை விட்டு வெளியேறும் காட்சிகளைப் பல படங்களிலிருந்து தேடிச் சேர்த்தார். ஃபிரிட்ஸ் லாங், சாப்ளின், புடோவ்கின் ஆகியோரின் காட்சிகளை அடுத்தடுத்து வைத்து, விளக்கக் குரலும் சேர்த்தார். சுமார் 36 நிமிஷம் ஓடும் படம் அது.

அவர் கண்டது என்ன? காமிரா வாசலோடு நின்றுவிடுகிறது. வேலை முடிந்த பிறகே கதை ஆரம்பமாகிறது. யந்திரத்தின் முன் நாளெல்லாம் நின்ற மனிதனைச் சினிமா அபூர்வமாகவே காட்டுகிறது. வாசலைத் தாண்டியதும் கூட்டம் கலைகிறது. தொழிலாளி தனி ஆளாகிவிடுகிறான்.

இத்தகைய படத்தையே வீடியோ கட்டுரை என்கிறார்கள். எழுத்தில் விமர்சித்தால் வாசகர் நம் வார்த்தையை நம்ப வேண்டும். இதிலோ காட்சியே சாட்சி சொல்கிறது. நிறுத்திக் காட்டலாம்; திருப்பிக் காட்டலாம்; இன்னொரு காட்சியைப் பக்கத்தில் வைத்துக் கேள்வி கேட்கலாம்.

இதற்கு இன்று ஸ்டூடியோ வேண்டாம். கையிலுள்ள போனே போதும். நாம் பார்க்கும் படங்களை எடுத்துக்கொள்வோம். கதாநாயகன் மில் தொழிலாளி என்கிறார்கள்; அவன் யந்திரத்தின் முன் நிற்பது எத்தனை நிமிஷம்? நாற்று நடும் பெண்கள் பாட்டுக்கு மட்டும் வருகிறார்களா, கூலிப் பேச்சுக்கும் வருகிறார்களா? எண்ணிப் பாருங்கள். அந்தக் காட்சிகளை வரிசையாக அடுக்குங்கள். அதுவே விமர்சனம். "படம் நன்று, நன்றல்ல" என்பது விமர்சனமாகாது.

ஒரு எச்சரிக்கை. 1957-ம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-வது பிரிவு, விமர்சனத்திற்காக நியாயமான அளவில் எடுத்தாள இடமளிக்கிறது. எனினும் படக் கம்பெனி புகார் செய்தால், வீடியோ வெளியிடும் கம்பெனிகள் அதை நீக்கிவிடக்கூடும். ஆகவே பிரதி நம் கையிலேயே இருக்கட்டும். சங்க அலுவலகத்தில் வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டிப் பத்துப் பேர் கூடிப் பார்ப்போம், விவாதிப்போம்.

130 வருஷமாக நம்மைப் பிறர் படம் பிடித்தார்கள். அப்படங்களை இனி நாம் பரிசோதிப்போம். வாசலுக்கு உள்ளே நடப்பது நமக்குத் தெரியுமே!