உறையோடு காக்கவேண்டிய தபால் தலைகள்

தபால் தலை சேகரிப்பதைச் சிறுவர் விளையாட்டென்று இகழ்வோரும் உளர். அதனை வாணிகமாகவே கொண்டு விலைப்பட்டியலும் கையுமாய்த் திரிவோரும் உளர். சேகரிக்கும் சிறுவரும் இவ்வணிகரும் ஒரு பிழையில் ஒத்து நிற்கின்றனர். உறையை நீரில் ஊறவைத்துத் தபால் தலையைப் பெயர்த்தெடுத்துக்கொண்டு, உறையைக் குப்பையில் எறிந்துவிடுகின்றனர். இவ்வழக்கம் ஒழியவேண்டும் என்பதே யான் ஈண்டுச் சொல்லப் புகுந்தது. அதற்கு ஜெர்மனி தேசத்துத் தபால் தலைகள் தக்க சான்றாகும்.

1918ஆம் ஆண்டு நவம்பர் 9ஆம் தேதி அந்நாட்டில் முடியாட்சி வீழ்ந்து குடியரசு பறைசாற்றப்பட்டது. ஆயினும் மறுநாள் கடிதம் போகவேண்டுமன்றோ! 1900 முதல் வழங்கிவந்த ‘ஜெர்மானியா’ தபால் தலைகளே தொடர்ந்து விற்கப்பட்டன. முடிசூடிக் கவசம் பூண்ட மங்கையின் உருவம் அது. அன்னா ஃபூரிங் என்னும் நடிகையின் சாயலில் வரையப்பட்டது. மன்னன் போனான், முடிசூடிய மங்கையோ 1922 வரை போகவில்லை. ஆதலின், பெயர்த்தெடுத்த ஜெர்மானியா ஒன்று அரசன் காலத்ததா, குடியரசின் காலத்ததா என்பதைப் பல சமயங்களில் தனியே சொல்லமாட்டாது. அதன்மேல் விழுந்த தபால் நிலைய முத்திரையில் பாதி உறையோடு போய்விட்டதே! பவேரியாவில் நிகழ்ந்தது இன்னும் விந்தை. மூன்றாம் லூத்விக் மன்னனின் முகத்தின்மேலேயே, 1919இல், ‘மக்கள் நாடு பவேரியா’ என்று மேலச்சுப் பதித்து விற்றனர்.

இனி 1923ஆம் ஆண்டைக் காண்போம். 1914இல் உள்நாட்டுக் கடிதம் ஒன்றுக்குக் கட்டணம் 10 பென்னிக். 1923 செப்டம்பர் முதல் தேதி அது 75,000 மார்க்கு. நவம்பர் முதல் தேதி 10 கோடி. டிசம்பர் முதல் தேதி 10,000 கோடி. 5,000 கோடி மார்க்கு மதிப்புள்ள தபால் தலையும் அச்சாயிற்று. பழைய தலைகள்மேல் புதிய மதிப்பை அச்சிட்டும் பார்த்தனர். கட்டணமோ அச்சு இயந்திரத்தை முந்தி ஓடிற்று. இறுதியில் பழைய மார்க்கு லட்சம் கோடி கொண்டது புதிய ரென்டன்மார்க்கு ஒன்று என வகுத்தபோது, அந்தப் பதினாயிரம் கோடி மீண்டும் பத்துப் பென்னிக் ஆயிற்று. கணக்கு நேராயிற்று; குடும்பங்கள் நேராகவில்லை. யுத்தத்திற்கு முன் 50,000 மார்க்கு சேமித்து வைத்தவன், அந்நவம்பர் முதல் தேதியில் அத்தொகை முழுவதையும் கொடுத்தாலும், ஒரு கடிதக் கட்டணத்தில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கே தேறும்.

அவ்வாண்டின் உபயோகிக்கப்படாத தபால் தலைகள் மலிந்து கிடக்கின்றன. சில நாட்களே செல்லுபடியான அவை உரிய காலத்தில் கடிதத்தில் ஒட்டப்பட்டுச் சென்றதே அரிது. அதனாலன்றோ, எஞ்சியவற்றின்மேல் பொய் முத்திரை குத்தி விற்கும் வஞ்சகமும் எழுந்தது! யான் சிறுவனாய் இருந்தபோது பெரியவர் ஒருவர் அவ்வாண்டு உறை ஒன்றைத் தந்தார். முன்புறம் இடம் போதாமல் பின்புறமெல்லாம் ஒட்டியிருந்தது. யான் அதனை ஒரு கிண்ணம் நீரில் இட்டேன். பதினொரு தபால் தலைகள் இன்றும் என் ஏட்டில் உள்ளன. யார் யாருக்கு எழுதினார், எந்நாள் எழுதினார் என்பவற்றையெல்லாம் அந்நீரோடு கொட்டிவிட்டேன்.

ஹிட்லரின் முகம் தாங்கிய தலைகளை வைத்திருத்தல் தகுமோ என்று நண்பர் சிலர் வினவுவதுண்டு. அழகுக்காக வைத்தல் தகாது. சான்றாக வைத்தல் தகும் என்பேன். 1945 மே மாதத்தில், சாக்சனி நாட்டுத் தபால் நிலையங்கள் பலவற்றில் அம்முகத்தைக் கையாலேயே மைபூசி மறைத்து விற்றனர். வேறு தபால் தலை கிட்டவில்லை, கடிதமோ காத்திருந்தது. ஆனால் மைபூசுதல் எவர்க்கும் எளிது. ஊரும் நாளும் தெளிந்த உறையின்றித் தனித்துக் கிடக்கும் கறுத்த தலையை யான் நம்புவதில்லை.

1990இல் கிழக்கு ஜெர்மனி தன் இறுதி மூன்று மாதங்களில் மேற்கு ஜெர்மனியின் நாணயத்தில் மதிப்பிட்ட தபால் தலைகளை வெளியிட்டது. அவை இன்னும் மலிவாகவே கிடைக்கும். வாங்குவோர் முழு உறையாகக் கேட்டு வாங்குக. உள்ளே கடிதம் இருப்பின் அதனையும் அகற்றற்க.