போறணைச் சூட்டில் ஒரு பகல் சாப்பாடு

மன்னாரில் பேக்கரிக்கு வியாபாரம் இரண்டு நேரம்தான். அதிகாலையில் பாண், மாலைத் தேநீருக்கு பனிஸ், ரோல்ஸ், கட்லட். நடுப்பகலில் முதலாளி கல்லாவில் ஈ ஓட்டிக்கொண்டிருப்பார். அவருடைய காலை வாடிக்கையாளர் பக்கத்து ஹோட்டலில் சோற்றுக்குக் காத்து நிற்பார். இதை எந்தப் பேக்கரிக்காரரும் நட்டமாகக் கணக்கில் எழுதுவதில்லை.

கொழும்பிலுள்ள பெரிய பேக்கரிக் கடைத்தொடர்கள் இந்த நட்டத்தை எப்போதோ கண்டுகொண்டன. 1902இல் தொடங்கிய பெரேரா அன்ட் சன்ஸ் இன்று நூற்றுக்கும் மேற்பட்ட கிளைகளை வைத்திருக்கிறது. கேக்கும் பெட்டிஸும் விற்கும் அதே கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் பகல் சாப்பாடும் விற்பனையாகிறது. அமெரிக்காவில் பனெரா பிரெட் நிறுவனமும் பாண் கடையாக இருந்து பகலுணவுக் கடையாக வளர்ந்ததுதான். சூப், சலாட், சாண்ட்விச் ஆகியவற்றில் ஏதாவது இரண்டைப் பாதி அளவில் தெரிவு செய்யலாம் என்பது அவர்களுடைய பிரபலமான ஏற்பாடு. பாதி அளவில் விற்பது நம்மவர்களுக்குக் கஞ்சத்தனமாகத் தெரியும். ஆனால் ஒரு கோப்பை கஞ்சியும் ஒரு மீன் பனிஸும் போதும் என்று நினைக்கும் வாடிக்கையாளர் மன்னாரிலும் இருக்கிறார். அவரிடம் யாரும் கேட்டுப் பார்க்கவில்லை.

இப்படியான கடைகளின் பகல் நேரப் பட்டியலை வியாபாரக் கண்ணோடு பார்த்தால் எல்லாமே பின்பற்றத் தக்கவை அல்ல. சாண்ட்விச் கடற்கரையில் உழைப்பவனுக்கு வயிறு நிறைக்காது. பிரைட் ரைஸ் யாரும் எங்கும் செய்வது. அதற்குப் பேக்கரி தேவையில்லை. சோறும் கறியும் விற்கப் போனால் சோறும் பருப்பும் கேட்கக் கேட்கப் போடுகின்ற எமது ஹோட்டல்களோடு மோத வேண்டிவரும். அதில் பேக்கரி தோற்கும்.

மிஞ்சுவது லம்ப்ரைஸ். அந்தப் பட்டியலிலேயே பேக்கரிக்கென்று பிறந்த சாப்பாடு அது ஒன்றுதான். ஒல்லாந்தர் வழிவந்த பறங்கியரின் உணவு. இறைச்சி அவித்த சாற்றில் சம்பாச் சோற்றைச் சமைத்து, கறி, கத்தரிக்காய் மொஜு, சம்பல், சிறு இறைச்சி உருண்டை ஆகியவற்றோடு வாட்டிய வாழையிலையில் கட்டி, போறணையில் வைத்து எடுப்பார்கள். இலையின் மணம் சோற்றில் இறங்குவது அந்தச் சூட்டில்தான். ஒல்லாந்தர் 1658இல் போர்த்துக்கேயரிடமிருந்து மன்னார்க் கோட்டையைக் கைப்பற்றி ஒரு நூற்றாண்டுக்கு மேல் இங்கே இருந்தவர்கள். ஆனாலும் லம்ப்ரைஸ் என்றதும் எமக்குக் கொழும்புதான் ஞாபகம் வருகிறது!

ஒரு விடயத்தை மறக்கக் கூடாது. பழைய முறை லம்ப்ரைஸில் பல இறைச்சிகள் கலக்கும், பன்றி இறைச்சியும் அதில் ஒன்று. ஆகவே வெளியூரில் எமது மக்கள் விசாரித்துத்தான் வாங்க வேண்டியிருக்கிறது. நம்பிக்கையான உள்ளூர்க் கடைக்கு இதுவே ஒரு வாய்ப்பு.

அதற்கு வேண்டியவற்றில் பாதி பேக்கரியில் ஏற்கெனவே இருக்கின்றன. இறைச்சி உருண்டைக்குப் பதிலாகச் சிறிய மீன் கட்லட். சீனிச் சம்பல் பனிஸுக்குள் வைப்பதற்காகத் தினமும் கிண்டப்படுகிறது. அரிசி கட்டுக்கரைக்குளத்து வயல்களிலிருந்து வருகிறது. மாட்டிறைச்சியோ கோழியோ விலை ஏறினால் பாரை மீனோ இறாலோ இருக்கிறது. கொழும்புக் கடைக்கு அது ஐஸ் பெட்டியில் ஒரு நாள் பயணம், எமக்குப் பக்கத்துத் துறை. எல்லாவற்றுக்கும் மேலாக, விறகுப் போறணையில் பாணை எடுத்த பிறகும் பல மணி நேரம் சூடு தங்கும். காசு கொடுத்து எரித்த விறகின் அந்தச் சூடு இன்று சும்மா ஆறிப்போகிறது.

பாணை மட்டும் நம்பியிருப்பவருக்கு இன்று பிடி எதுவுமில்லை. கோதுமை மாவின் விலை பிரீமா, செரண்டிப் ஆகிய இரு பெரிய ஆலைகளின் கையில். பாணின் நிறை 450 கிராம் என்று 2024இல் அரசாங்கம் வர்த்தமானியில் அறிவித்தது. 2022இல் எரிவாயுத் தட்டுப்பாட்டில் எத்தனையோ பேக்கரிகள் இழுத்து மூடப்பட்டதையும் கண்டோம். 1990இல் வெளியேற்றப்பட்டு, திரும்பி வந்து இரண்டாம் முறையாகக் கடை போட்டவர்கள் எமது மன்னார் வர்த்தகர்கள். 2010இல் புதிய பாலம் திறந்த பின் கொழும்பு லொறிகள் நேரே தீவுக்குள் வருகின்றன. பெரிய கடைத்தொடர் ஒன்றின் பெயர்ப் பலகை வருவதற்கு இனித் தடையாகத் தூரம் இல்லை. தானே விலை வைத்து விற்கக்கூடிய ஒரு பொருளாவது சிறிய முதலாளியின் கையில் இருக்க வேண்டாமா?

பயம் ஒன்று நியாயமானது. நேற்றைய பாணை இன்று ரஸ்காகப் போடலாம். மிஞ்சிய சோற்றை என்ன செய்வது? ஆகவே கண்ணாடிப் பெட்டியில் அடுக்கி வைத்துக் காத்திருக்கும் வியாபாரம் இதற்குச் சரிவராது. கச்சேரி, வைத்தியசாலை, வங்கிகள் ஆகியவற்றிலிருந்து காலை ஒன்பது மணிக்குள் தொலைபேசியில் ஓடர் எடுத்து, அந்த எண்ணிக்கைக்கு மேல் ஐந்து பொதி மட்டும் கட்டலாம். முதல் மாதத்தில் இருபது போதும். விலையைப் பலகையில் எழுதி வையுங்கள். பொதியின் நிறை ஒரு நாளைக்கு ஒரு மாதிரி இருக்கக் கூடாது. கடைத்தொடர்களிடம் வாடிக்கையாளர் போவது ருசிக்காக அல்ல, இந்த இரண்டுக்காகத்தான். வெள்ளிக்கிழமைகளில் பதினொரு மணிக்கே போறணையிலிருந்து எடுத்துவிட்டால், ஜும்ஆ முடிந்து வருபவர் கையில் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவார்.